ஞானாம்பாள் டீச்சர் வெட்டிய புள்ளி மூன்று

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்து பீமுக்கு, பிள்ளைகள் மேலே நடந்து ஆடும் அந்த நீளக் கட்டைக்கு, அடியில் மல்லாந்து கிடந்தேன். எங்கள் கடல் காற்றுக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. போல்ட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் தடவாவிட்டால் துரு ஏறி, பிள்ளைகள் மேலே ஆடும்போது கீழே பீமின் கால் ஆடும். ஜிம்னாஸ்டிக் சங்கச் செயலாளர் போனில் பேசினார். "ஞானாம்பாள் டீச்சர் தவறிட்டாங்க மிஸ். காலையில தூக்கத்துலயே." கையிலிருந்த போல்ட்டை முழுக்க முறுக்கி முடித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன். அடக்கம் எப்போது என்று கேட்டேன். சொல்லிவிட்டு, சங்கத்து மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார். "ஒங்களுக்குத்தான் அவங்களோட ரொம்பப் பழக்கம். நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க."

பழக்கம் என்பது சரிதான். இருபது வருடம் ஒருவரை முறைத்துக்கொண்டே இருந்தால் அதுவும் பழக்கம்தான். நல்லதாக நாலு வரி என்னிடம் கிடைக்காது, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், போடுவதென்றால் போடுங்கள் என்றேன். அவர் சரி என்றார். ஆகவே அவரை அறிந்தவர்களே, அவரிடம் மார்க் வாங்கியவர்களே, மார்க்கைப் பறிகொடுத்தவர்களே, செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞானாம்பாள் டீச்சர் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். இராமநாதபுரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் ஜிம்னாஸ்டிக்கில் எங்கள் பக்கத்தின் முதல் நடுவர். எந்தப் போட்டியானாலும் நடுவர் மேசையின் நடுநாற்காலி அவருடையது. நான் கடற்கரைக்காரி, செல்வராணி. பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. நான் கட்டுவதை வெட்டுவது அவர் வேலை. எங்களுக்குள் இருந்த உறவு இவ்வளவுதான்.

அவரை முதலில் பார்த்த போட்டியிலேயே சண்டை. அப்போது எங்களிடம் ஒழுங்கான மேட் கிடையாது. பிள்ளைகள் குட்டிக்கரணம் பழகியது கடற்கரை மணலில். மணலில் குதித்தால் கால் புதையும், புதைந்த கால் நகராது. மேட் அப்படியில்லை, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். மணலில் பழகியவள் முட்டியை ஆழமாக மடக்கி இறங்குவாள், மேட் தள்ளியதும் முன்னால் ஓர் அடி வைத்துவிடுவாள். அந்த அடிக்கு மார்க் போகும். என் பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையாக அந்த ஓர் அடியை வைத்தார்கள். ஐந்து பேருக்கும் வெட்டினார். வெட்டியது மட்டுமா, பக்கத்து நடுவரிடம் எல்லார் காதிலும் விழும்படி "மணல் கால் வந்துருச்சு" என்றார். அரங்கம் சிரித்தது. என் பிள்ளைகளுக்கு முகம் செத்துவிட்டது.

இடைவேளையில் மேசைக்கே போனேன். "எங்க ஊர்ல மணல்தான் டீச்சர் இருக்கு. மேட்டு வாங்கிக் குடுத்துட்டுக் கேலி பேசுங்க" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ கடல்லகூடப் பழக்கும்மா. மேட்டுக்கு மணல் தெரியாது." அதன் பிறகு பல வருடங்களுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு மாவட்டம் முழுவதும் அதுதான் பெயர். மணல் கால். அந்தப் பெயரை வைத்த வாயைத்தான் இப்போது புகழச் சொல்கிறார்கள்.

இனி மார்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பகை புரியாது. அந்தக் காலத்தில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்கில் உச்சம் பத்து. இன்னின்ன வித்தைகள் இருக்க வேண்டும் என்று விதி சொல்லும், அவற்றைச் செய்தால் பத்தையொட்டித் தொடங்குவார்கள், பிறகு வளைந்த விரலுக்கும் பிரிந்த முட்டிக்கும் வெட்டிக்கொண்டே வருவார்கள். எவ்வளவு கடினமானதைச் செய்தாலும் கூரை அங்கேயேதான். நடன வகுப்பும் கண்ணாடிச் சுவரும் உள்ள பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தோதான கணக்கு. அவர்கள் பாதம் பூ மாதிரி நீளும். என் பிள்ளைகளுக்குக் காலில் பலம் இருந்தது, பாதத்தில் நளினம் இல்லை. பலத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பிறகு கணக்கையே மாற்றினார்கள். கடினத்துக்கு ஒரு மார்க், நேர்த்திக்கு ஒரு மார்க், இரண்டையும் கூட்டு. நேர்த்திக்குப் பழைய பத்துதான், அதிலிருந்து வெட்டுவார்கள். கடினத்துக்குக் கூரை கிடையாது. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு மதிப்பு, செய்யச் செய்ய ஏறிக்கொண்டே போகும். புது விதிகளை விளக்க நடந்த வகுப்பில் நான் சந்தோஷத்தில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஞானாம்பாள் டீச்சர் எழுந்தார். "பத்துன்னா டீக்கடையில நிக்கிறவனுக்கும் புரியும். நாளைக்குப் பதினாலு சொச்சம்னு சொல்லுவீக, அது நல்லதா கெட்டதான்னு எவனுக்குத் தெரியும்? பத்துக்கு மேல மனுசனுக்கு எதுக்கு மார்க்கு?" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் எழுந்து, டீக்கடையில் நிற்பவரா பிள்ளைகளுக்கு மார்க் போடப்போகிறார் என்று கேட்டேன். மீதிப் பாதிப் பேர் கைதட்டினார்கள்.

அவ்வளவு வசை பாடியவர் என்ன செய்தார் தெரியுமா? புது விதிப்படி நடந்த நடுவர் தேர்வை எங்களில் முதல் ஆளாக எழுதித் தேறினார். அடுத்த போட்டியில் கடினத்தை மதிப்பிடும் மேசைக்கு அவரே தலைவர். "திட்டிக்கிட்டே ஏறி உக்காந்துட்டீகளே டீச்சர்" என்று நேரிலேயே கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை. "புடிக்கலங்கிறது வேற, படிக்கலங்கிறது வேற. அங்கன போயி நில்லு, அடுத்த புள்ள வருது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஷமீமா வந்தாள். கீழக்கரைப் பிள்ளை. வாப்பாவுக்கு சவூதியில் வேலை. உம்மாதான் ஒவ்வொரு போட்டிக்கும் சாப்பாட்டு அடுக்கோடு கூடவே வருவார். கால் முழுக்க மூடும் உடையை உம்மாவே தைத்துக் கொடுத்தார், மேலே என்ன நிறமோ கீழேயும் அதே நிறம், ஒரே துணியாக. முதல் போட்டியிலேயே வேறொரு ஊர்ப் பயிற்சியாளர் தகராறு செய்தார். உடைக்கு மார்க் வெட்ட வேண்டும், முட்டி வளைகிறதா என்று எப்படித் தெரியும் என்று கத்தினார். உம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஞானாம்பாள் டீச்சர் விதிப்புத்தகத்தை விரித்து அந்தப் பயிற்சியாளரின் மூக்குக்கு நேரே பிடித்தார். "முழுக்கால் உடுப்பு போடலாம்னு போட்டுருக்கு. ஒரே நெறமா இருக்கணும், இருக்கு. முட்டி வளஞ்சா எனக்குத் தெரியும். போயி ஒக்காருங்க."

உம்மா அன்றைக்குப் போய் அவருக்கு நன்றி சொன்னார். "எனக்கு எதுக்கும்மா, ரூல்ல இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை எழுதக் காரணம், அவர் நல்லவர் என்று காட்ட அல்ல. ஒருவருக்குக் கருணையே இல்லாவிட்டாலும் சிலசமயம் அவரால் நமக்கு நல்லது நடந்துவிடும். அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. உம்மா ஏமாந்தார். அந்த டீச்சர் நம்ம பக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷமீமாவுக்கு இருந்த கால்பலத்துக்குப் புதுக் கணக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வருடாவருடம் கடினத்தை ஏற்றினோம். நான் ஏற்றச் சொல்வதற்கு முன் அவளே ஏற்றிவிடுவாள். ஃப்ளோரில், அதாவது பாட்டுக்கு ஆடும் தரை ஆட்டத்தில், கடைசி ஓட்டத்துக்கு இரட்டைப் பின்கரணம் வைத்தோம், அந்தரத்தில் பின்னோக்கி இரண்டு முறை சுழன்று நிற்பது. எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு பெண்ணும் போட்டியில் செய்யாதது. ஞானாம்பாள் டீச்சர் ஒரு பயிற்சி நாளில் அதைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். "இங்கன வா. கஷ்டத்தக் கூட்டிக்கிட்டே போறியே, கடைசில முட்டிதான் கணக்கு சொல்லும். அவ நின்னு எறங்கல, உக்காந்து எந்திரிக்கிறா. டிவியில பாக்குறேல்ல, ஓடியாந்து கையூனித் தாண்டுற பெரிய வால்ட்டுல குண்டி மேட்டுல பட உக்கார்றாளுக. அவளுக்கு நின்னவள விடக் கூடுதல் மார்க்கு. இதெல்லாம் ஒரு வெளையாட்டா?"

"நின்னா மட்டும் எங்க புள்ளைகளுக்கு அள்ளிக் குடுத்தீகளோ" என்றேன்.  

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. ஷமீமா பள்ளியில் கடைசி வருடம். தேர்வானவர்கள் பட்டியலில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும், உடற்கல்விப் படிப்பு படிக்கலாம், அவள் ஆசைப்பட்டது அதைத்தான். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. மூன்று பேரை எடுப்பார்கள். ஃப்ளோருக்கு முன்பு வரை அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். ஃப்ளோர் மேசையின் நடுவில் ஞானாம்பாள் டீச்சர்.

எங்கள் விளையாட்டில் ஒரு முறை உண்டு. ஆட்டத்துக்கு முன் தலைமை நடுவர் கையைத் தூக்குவார். பிள்ளை அவரைப் பார்த்து, கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் உயர்த்தி சல்யூட் வைத்துவிட்டுத் தொடங்குவாள். முடிந்ததும் மறுபடி அவர் பக்கம் திரும்பி சல்யூட். அவர் கைதூக்கி ஏற்றுக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. சல்யூட் வைக்காமல் இறங்கினால் புள்ளி மூன்று மார்க் கழிவு. பொதுவாக யாரும் மறப்பதில்லை. பால்குடி மறந்த பிள்ளைகூட அதை மறக்காது.

ஷமீமா அன்று ஆடியதைப் போல ஆடி நான் பார்த்ததில்லை. கடைசி ஓட்டம். ஓடினாள், எழும்பினாள், இரண்டு சுழற்சி, இரண்டு காலிலும் நின்றாள். அடி வைக்கவில்லை. மணல் கால் இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே அவள் வலது முட்டி உள்பக்கமாக மடங்கியதை நான் பார்த்தேன். அவள் கீழே விழவும் இல்லை. கடைசி நிலைக்குக் கையைக் கொண்டுபோனாள், பாட்டு நின்றது, அதன் பிறகுதான் மேட்டில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்த் தோளில் தாங்கித் தூக்கினேன். அவளை வெளியே கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் சல்யூட்டை யார் நினைப்பார்கள்? வரும்போது மேசையைப் பார்த்தேன். ஞானாம்பாள் டீச்சர் மேசைமேல் ஊன்றிய கையைப் பாதி தூக்கியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை இறக்கினார், பேனாவை எடுத்தார்.

மார்க் பலகையில் வந்தது. கடினம் முழுதாகக் கிடைத்திருந்தது. நேர்த்தியும் மோசமில்லை. கீழே தனியாகக் கழிவு, புள்ளி மூன்று. ஷமீமா நாலாவது இடத்துக்குப் போனாள். மூன்றாவது வந்தவளுக்கும் அவளுக்கும் இருந்த இடைவெளி புள்ளி மூன்றைவிடக் குறைவு.

மேசையில் இருந்த இன்னொரு நடுவர், "பிள்ளைக்கு அடிபட்டிருக்கு டீச்சர், விட்ரலாமே" என்று சொன்னதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார். விடவில்லை. நான் எதிர்த்து எழுதிக் கொடுக்கப் போனேன். கடினத்துக்கான மார்க்கை மட்டும்தான் எதிர்த்துக் கேட்கலாம், இந்தக் கழிவைக் கேட்க விதியில் வழியில்லை என்றார்கள். அரங்குக்கு வெளியே நடையில் அவரை மறித்தேன். உம்மாவும் பின்னால் வந்துவிட்டார். "புள்ளைக்குக் கால் போயிருச்சு, கையத் தூக்கலன்னா மார்க்க வெட்டுவீக?" என்று அழுதுகொண்டே கேட்டார்.

ஞானாம்பாள் டீச்சர் உம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "சல்யூட்டு வைக்காத வரைக்கும் ஆட்டம் முடியல. அவ முடிக்கல. நீ தூக்கிட்டுப் போயிட்ட." ஓரடி நடந்தவர் நின்று, "அந்த முட்டிய ஒடச்சது நானில்ல செல்வி" என்றார். பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஒரே அரங்கில் பத்துப் பதினைந்து போட்டிகளில் இருந்திருப்போம். தேவையென்றால் இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்புவோம்.

முட்டியை உடைத்தது யார் என்று அவர் குத்திக்காட்டியதற்கு இன்றைக்கும் என் பதில் ஒன்றுதான். அந்த வித்தையை அவள் சுத்தமாகச் செய்தாள், நின்றாள். முட்டி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒருநாள் போகும். ஆனால் காலொடிந்த பிள்ளையிடம் மரியாதை கேட்டு வாங்கியவர் ஒருவர்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு விதிகள் மறுபடி மாறின. விழுந்தால் அரை மார்க் வெட்டிய காலம் போய், ஒரு மார்க் வெட்டும் விதி அதற்கு முன்பே வந்திருந்தது. உட்கார்ந்து இறங்கினாலும் லாபம் தந்த அந்தப் பெரிய வால்ட்டின் மதிப்பைக் குறைத்தார்கள். இறங்குவதைப் பற்றியும் ஆட்டத்தின் அழகைப் பற்றியும் புதுசு புதுசாக எழுதுகிறார்கள். பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே ஞானாம்பாள் டீச்சர் சொன்னார் என்று இளைய நடுவர்கள் என்னிடமே வந்து சொல்கிறார்கள். சொன்னார்தான். சரியாகச் சொன்னவர்களெல்லாம் நல்லவர்களாக இருந்தால் ஊரில் பாதிச் சண்டை இருக்காது.

சாவுக்குப் போகாமலிருக்க நினைத்தேன். போகாவிட்டால் அதற்கும் ஊர் ஒரு கதை கட்டும். போனேன். கூடத்தில் ஃபிரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மூக்குக்கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, யாரோ போலிருந்தது. மாலை போட்டுவிட்டுச் சுவரோரமாக, அவர் தலைக்குப் பின்னால் நின்றேன். எல்லாரும் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஷமீமா வந்து நின்றாள். கீழக்கரையில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறாள். தபால் வழியில் வேறு ஏதோ படித்து வாங்கிய வேலை. படி ஏறும்போது இப்போதும் வலது காலை ஒரு கணம் யோசித்துத்தான் வைப்பாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், ஆனால் என்னிடம் வரவில்லை. நேராகப் பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். இரண்டு கால்களையும் சேர்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் நேராக உயர்த்தினாள்.

 "யாரு இந்தப் புள்ள, என்ன செய்யிது?" என்று டீச்சரின் தம்பி யாரிடமோ கேட்டார். ஷமீமா கையை இறக்கவில்லை. மேசையிலிருந்து கை எழும்பும் வரை இறக்கக் கூடாது என்று பழக்கியவள் நான்தான். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து யார் கையைத் தூக்குவது? அவள் காத்துக்கொண்டு நின்றாள், கண் டீச்சரின் முகத்தை விட்டு நகரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. டீச்சரின் தலைக்குப் பின்னால் நின்ற நான் என் கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையை இறக்கினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "அவங்களுக்குப் போயி என்னடி மரியாத?"

"மரியாதைக்கு இல்ல மிஸ். அன்னைக்கு நீங்க தூக்கிட்டு வரும்போது நான் திரும்பிப் பாத்தேன். கையப் பாதி தூக்கிட்டு இருந்தாங்க. நான் திரும்புவேன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க மிஸ். எனக்குத் தெரிஞ்சுச்சு. வலியில கை வரல." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் நின்னேன்ல மிஸ்? நின்னுதான எறங்குனேன்? முடிச்சுட்டேன்னு அவங்ககிட்ட ஒரு தடவ சொல்லணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் காத்திருந்தார் என்று அவள் நம்புகிறாள். பேனாவை எடுக்கக் காத்திருந்தார் என்று நான் நம்புகிறேன். அந்தக் கை எதற்காகப் பாதியில் நின்றது என்று சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விட்டார். சொல்லியிருந்தாலும், விதியில் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

அவருடைய மாணவிகள் அவருடைய ஒழுங்கை வைத்துக்கொள்ளட்டும், சங்கம் அவருடைய படத்தை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் புள்ளி மூன்று போதும். என் பிள்ளைகள் இப்போது விழுந்தாலும், அழுதாலும், சல்யூட் வைக்காமல் மேட்டை விட்டு இறங்குவதில்லை. முடியாதவளை நான் தாங்கிப் பிடித்து மேசைப் பக்கம் திருப்பி நிறுத்துகிறேன், கை எழும்பாவிட்டால் நானே பிடித்துத் தூக்கிவிடுகிறேன். அதற்கு மார்க் வெட்டுவார்களென்றால் வெட்டட்டும். அந்த மேசையின் நடுவில் எப்போதும் ஒரு ஞானாம்பாள் டீச்சர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஷமீமாவுக்கு அன்றைய ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் முடியவில்லை.